பெரியவனுக்கு விபத்து, சின்னவளுக்குக் கடை

ஆம்லெட்டைத் தட்டில் போட்டதும் கண்ணாடிக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். கத்தியை நடுவில் வைத்துப் பார்க்கிறார், ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்த்துகிறார், மறுபடியும் பார்க்கிறார். அதற்குள் ஆம்லெட் ஆறிப்போகிறது. "எனக்குப் பசியே இல்லப்பா, அவனுக்கே குடுத்துடுங்க" என்று மகள் கெஞ்சினாலும் விடுவதில்லை. "அதெல்லாம் கிடையாது. உன் பங்க நீ வாங்கிக்கோ. அப்புறம் அவனுக்குக் குடு, நாய்க்குக் குடு, எனக்கென்ன?" பங்கு வாங்கும் பிள்ளைகளுக்கு வயது இருபத்துமூன்று.

இரட்டைப் பிள்ளைகள். பையன் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்ததால் பெரியவன், பெண் சின்னவள். அந்த ஒரு விஷயத்தில்தான் தன்னால் சமம் பார்க்க முடியவில்லை என்று அவருக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு. மற்றதில் எல்லாம் கறாராக இருந்தார். ஒருவன் குறும்பு செய்தால் இருவருக்கும் திட்டு. ஒருத்திக்கு இருமல் என்றால் இருவருக்கும் மருந்து. அந்தக் கசப்பு மருந்தை இருமலே இல்லாமல் குடித்த பெரியவன், இப்போதும் யாராவது தொண்டையைச் செருமினால் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுகிறான்.

அவருடைய கண்ணாடிக் கடை தெருமுனையில் இருக்கிறது. ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பலகைகள் சுவரில் சாய்ந்து நிற்கும். ஜன்னலுக்கு, படத்துக்கு, மீன்தொட்டிக்கு என்று காலையிலிருந்து வெட்டிக்கொண்டே இருப்பார். மண்ணெண்ணெயில் தோய்த்த வெட்டுக்கத்தியால் ஒரே இழுப்பு, அடியில் ஒரு தட்டு, 'டக்'கென்று இரண்டாகிவிடும். கடையில் இத்தனை நிலைக்கண்ணாடி இருந்தும் தலைவாருவதற்கு மட்டும் மனைவி ஓட்டும் பள்ளிக்கூட வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தேடிப் போவார். "விக்கிற சாமான்ல மூஞ்சி பாக்கக் கூடாது" என்பார். ஏன் என்று கேட்டால் முறைப்பார். அவருக்கே தெரியாது.

வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. டீ கிளாஸைப் பிடிக்கும்போது அவை இரண்டும் பெரிய இடத்துச் சம்பந்தி மாதிரி விறைப்பாகத் தள்ளி நிற்கும். புதிதாக வரும் வாடிக்கையாளர் அந்த விரல்களை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், தொலைந்தார். "என்ன பாக்கறீங்க? கையா?" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால், அலமாரிக் கண்ணாடி ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் இறங்கிவிட்டது. "ரத்தம் கொட்டுது. நான் என்ன பண்ணேன்? மிச்சக் கண்ணாடிய பத்திரமா சாச்சு வெச்சேன். அப்புறம்தான் கையப் பாத்தேன். ஆஸ்பத்திரியில அந்தத் தையல் தச்சாங்களே... ஒரு சொட்டுக் கண்ணீர்?" இங்கே நிறுத்திவிட்டு வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பார். அவர் "இல்லையா?" என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காதவருக்குக் கண்ணாடி மறுநாள்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தார்கள். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். உதவித்தொகை கிடைத்தால்தான் படிப்பு. விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுத வேண்டும். வாழ்க்கையில் என்னென்ன இடர்களைச் சந்தித்தீர்கள், மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"இடர்னா?"

"கஷ்டம்பா."

"கஷ்டத்தையா கேக்கறாங்க?" கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "அட, நம்மகிட்டதான் இருக்கே!" வாடிக்கையாளர் கேட்ட அளவு கடையில் தயாராக இருக்கும்போது வரும் குரல் அது.

வேறுபாட்டைப் பற்றிய கேள்வியில்தான் அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரே வயித்துல உதைச்சுக்கிட்டுக் கிடந்ததுங்க. இப்ப ரெண்டும் வேற வேறன்னு எழுதணுமாம். எழுதுங்க, எழுதுங்க."

அன்று சாயங்காலமே பாகப்பிரிவினை நடந்தது. இரண்டு பேரும் ஒரே விபத்தை எழுதினால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக நினைத்துவிடுவார்கள் என்று பெரியவன் சொன்னான். கண்ணாடிக்காரருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. குடும்பத்தின் கஷ்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். விபத்து ஒன்று. அதனால் கடை எட்டு மாதம் மூடிக் கிடந்தது ஒன்று. வீடு மாறியது, கூரை ஒழுகியது, கூட்டாளி ஏமாற்றிவிட்டுப் போனது என்று சில்லறையாகச் சில.

"நான் காலைல ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, ராத்திரி கம்பெனிக்கு ஒரு நடைன்னு வேன் ஓட்டினது?" என்றார் மனைவி.

"அது பொதுவுல இருக்கட்டும்" என்றார் கண்ணாடிக்காரர்.

பெரியவனுக்கு விபத்து, சின்னவளுக்குக் கடை மூடியது என்று முடிவாயிற்று. கடை கொஞ்சம் எடை குறைவு என்று அவருக்கே தோன்றியதால் ஒழுகிய கூரையையும் அவள் பக்கம் தள்ளினார். "சரிதானே? யாருக்கும் மனக்குறை இல்லையே?" சின்னவள் "சரிப்பா" என்றாள். மனைவி மட்டும் எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினார். அதன் பொருளை அவர் அன்று கவனிக்கவில்லை. பிரித்து முடித்த திருப்தியில் இருந்தார், பாவம்.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது பெரியவன் கடைக்கு வந்து தன் கட்டுரையை வாசித்துக் காட்டினான். 'குருதி தோய்ந்த என் தந்தையின் கரம்' என்று அது ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மிச்சக் கண்ணாடியைச் சாய்த்து வைத்த இடம் வந்தபோது, "இத இன்னும் ரெண்டு வரி இழுக்கலாம்" என்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'நான் அவருக்குச் சோறு ஊட்டினேன். சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன்' என்ற வரி வந்ததும் கையை உயர்த்தினார்.

"அது நீ இல்லையேடா."

"கட்டுரையில அப்படித்தான்பா எழுதணும்."

"அதுக்குன்னு? நீ அப்ப ஊர்லயே இல்லையே."

"ஆமா, இல்ல!" பெரியவன் தாளை மடித்துவிட்டான். இவ்வளவு நேரம் வாசித்த குரல் வேறு, இது வேறு. "எனக்குப் பரீட்சை இருக்குன்னு விபத்தையே எங்கிட்ட சொல்லலையே நீங்க. போன் பண்ணா அப்பா குளிக்கிறார், அப்பா வெளிய போயிருக்கார். ரெண்டு மாசமா ஒரு மனுஷன் குளிச்சுக்கிட்டே இருப்பாரா? லீவுக்கு வந்து கதவத் தட்டினா, நீங்க கட்டோட நிக்கறீங்க. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது கண்ணாடிக்காரர்தான். ஸ்டூலைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இதையே எழுதேன்டா. இது உன்னுதுதானே?" என்றார்.

பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஊட்டினது, பொத்தான் போட்டது எல்லாம் அவதான் சொன்னா. கேட்டதெல்லாம் சொன்னா. ஏன் அந்த வருஷம் காலேஜுக்குத் திரும்பப் போகலன்னு கேட்டேன். அத மட்டும் அப்பாவக் கேக்காம சொல்ல முடியாதுன்னுட்டா."

கண்ணாடிக்காரருக்கு அது என்னவென்று தெரியும். அன்றைக்கு ஒரு ஜன்னல் கண்ணாடியைத் தப்பாக வெட்டினார். கடை தொடங்கிய நாளிலிருந்து வெட்டிய கோட்டை மாற்றிப் பழக்கமில்லாத மனிதர், பங்கை மாற்ற வேண்டுமே என்று சாப்பிடும்போதும் முனகிக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையும் சமமா வெட்டறீங்க. யாரு பொருள வெட்டறோம்னு பாக்கறதே இல்ல" என்று மனைவி இந்தத் தடவை பாத்திரத்தை விட்டுவிட்டு வாயாலேயே சொன்னார். தப்பு செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை மகளிடம் போய் நின்றார். "விபத்து உன்னுது. முழுசா எடுத்துக்கோ. அவனுக்கு வேற ஒண்ணு கிடைச்சிடுச்சு."

"நான் எழுதி வெச்சுட்டேன்பா" என்றாள் சின்னவள். இரண்டு தாள்களை எடுத்தாள். "கடைய எழுதிப் பாத்தேன். அந்த ஒரு வருஷம் எங்க போச்சுன்னு அவங்க கேப்பாங்க. 'வீட்டில் இருந்தேன்'னு எழுதினா, ஃபெயிலாகி உக்காந்திருந்தேன்னு நினைப்பாங்க. அதனால நடந்ததையே எழுதிட்டேன். படிச்சுப் பாருங்க. நீங்க வேணாம்னா அனுப்பல."

அனுப்பாவிட்டால் உதவித்தொகை இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன?

அவர் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் படித்தார். அவள் எழுத்தில் குருதியும் இல்லை, கரமும் இல்லை. விபத்தைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் விடுப்பில் வந்திருந்தாள். திங்கட்கிழமை திரும்பிப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தாள். அம்மா வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று அறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். இடது கையால் ஒரே ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், 'நீ கிளம்பும்மா, பஸ் போயிடும்' என்றார். அப்போது அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. 'நான் பையை அவிழ்த்து, துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கினேன்' என்று முடித்திருந்தாள்.

படித்துவிட்டு அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் போகிறபோக்கில் "என்ன, கடைக்குப் போகல?" என்று கேட்டார். தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, "போகணும், போகணும்" என்றார்.

உள்ளே வந்து மேசை எதிரில் உட்கார்ந்தார்.

"இத எத்தனை பேரு படிப்பாங்க?"

"அஞ்சாறு பேரு இருக்கும்பா."

"எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்களா?"

"ஆமா."

"அவங்க யாராவது கண்ணாடி வெட்ட நம்ம கடைக்கு வருவாங்களா?"

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வர மாட்டாங்கப்பா. அந்த வரி வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடறேன். நான் ஒண்ணும் ரொம்பச் சொல்லல. கொஞ்சமாத்தான் சொல்லியிருக்கேன்."

"அதான் பாத்தேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவளுடைய பேனாவை அவர் எடுத்து, கட்டை விரலுக்கும் மடங்குகிற இரண்டு விரல்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த இடத்தைத் தேடினார். 'கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்கு மேலே, பேனா வழுக்க வழுக்க, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் எழுத்துகளில் 'ஓவென்று அழுதார்' என்று எழுதினார்.