நான் அணைத்து வைத்த குரல்

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், எனக்குக் கை பரபரக்கும். உடனே ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்துவிடுவேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நம்மைக் கேட்காமலே எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் அது. எப்போதோ பிரிண்டர் வாங்கியபோது கூடவே வந்தது, யாரோ பாட்டுக் கேட்க இறக்கியது, எதற்கென்றே தெரியாதது என்று எல்லாம் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக 'டிசேபிள்' கொடுக்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் கொஞ்சம் அற்பமானதுதான். இன்றைக்கு அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில் சிஸ்டம்ஸ் பார்க்கும் ஆள் நான். நாற்பது கம்ப்யூட்டர்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாமே அழுது வடியும். ஒரு சனிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ், லாகின் பண்ணவே ஏழு நிமிஷம் ஆகுது. கஸ்டமர் லைன்ல நின்னுட்டே இருக்காங்க. ஏதாவது பண்ணுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து உட்கார்ந்தேன். முதல் ஐந்து கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு பெயரையும் படித்துப் பார்த்து அணைத்தேன். ஆறாவதிலிருந்து படிக்கவில்லை. எல்லாவற்றிலும் அதே குப்பைதானே என்ற நினைப்பு. டெஸ்க்டாப்பில் இறைந்து கிடந்த ஐகான்களையும் ஒரேயடியாகத் துடைத்தேன். சாயங்காலம் தாம்பரம் பஸ்ஸில் ஏறியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி வரிசையின் ஓர இருக்கை பார்வையில்லாத ஒரு பெண்ணுடையது. அப்போது அவர் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகும் சமயம். தாம்பரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். வேலை நிரந்தரமாகவில்லை என்றால் ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று அவருடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஆன் செய்ததும் அது தானாகத் தொடங்கி, ஹெட்செட்டில் பேச ஆரம்பிக்கும். அவர் சேர்ந்த அன்றைக்கு அதைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். தொடங்காவிட்டால் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை எழுப்பவும் வழி வைத்துக் கொடுத்திருந்தேன். அது டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானோடு கோக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தானாகத் தொடங்குவதை அணைத்து, ஐகானையும் துடைத்துவிட்டேன். ஒரு நொடிகூட அவர் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரு நிமிஷத்துக்குள் தயாராகிவிட்டன. மேனேஜர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைப் பாராட்டினார். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அப்போதுதான் என் மேஜை இன்டர்காம் அடித்தது.

"சார், ஹெட்செட்ல ஒண்ணும் கேக்கல."

ஹெட்செட் புகார் தினமும் வருவது. "ரீஸ்டார்ட் பண்ணிட்டு கொஞ்சம் வெயிட் பண்ணுங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் யோசிக்காமல் வாயில் வருகிற பதில் அது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. அதே எண்தான், கடைசி வரிசை ஓர இருக்கை. டீயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று எடுக்காமல் விட்டேன். பிறகு வேறு ஏதோ வேலையில் மறந்தும் போனேன்.

பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன். முதுகை நிமிர்த்தி, ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, கீபோர்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே திரையில் பளிச்சென்று எல்லாம் தயாராக இருந்தது. அது தயாராக இருப்பது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியாது. காலையிலிருந்து ஒரு அழைப்புகூட எடுக்கவில்லை. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து, நான் சொன்னபடி காத்திருக்கிறார்.

இரண்டு நிமிஷத்தில் சரி செய்தேன். காதில் குரல் வந்ததும் அவருடைய தோள் இறங்கியது.

"என்ன சார் ஆச்சு?"

மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அப்டேட் மேடம். நேத்து ஒரு அப்டேட் வந்துச்சு, அதுல போயிடுச்சு."

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாகவே தொடங்கியது.

"ஓ, அப்டேட்டா. தேங்க்ஸ் சார்" என்றார் அவர்.

மேனேஜர் நகர்ந்து போகும்போது, "அப்டேட் எல்லாருக்கும்தான வந்துச்சு? மத்தவங்க வேலை பாத்தாங்களே" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண் என்னை அழைத்தார். அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, ஸ்கேன் செய்து படமாக அனுப்பியிருக்கிறார்கள், படத்தை மென்பொருள் வாசிக்கவில்லை. "கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா சார்?" என்றார். பக்கத்தில் நின்று படித்தேன். பயிற்சிக் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம், தொழில்நுட்பச் சிக்கல்களைத் தாமாகச் சமாளிக்கும் திறன் போதவில்லை. கேட்டு முடித்து, "கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க சார்" என்றார். படித்தேன். அதையும் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் நான் பின்வாசல் வழியாக ஏறினேன். கண்டக்டர் அவரிடம், "யக்கா, மாம்பாக்கம் தாண்டிச்சு, உன் ஸ்டாப் வந்துகினு கீது" என்று சொல்வது எனக்குக் கடைசி சீட் வரை கேட்கும். கண்டக்டருக்கு இருந்த அக்கறை எனக்கு இல்லை. அவரிடமிருந்து ஒளிந்துகொள்ள நான் பேசாமல் இருந்தாலே போதுமாக இருந்தது. அப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஒளிந்தேன்.

ஒருநாள் காலை பஸ் வரத் தாமதமானது. அன்றைக்கு என்னவோ தாங்கவில்லை. அருகில் போய் என் குரலைக் காட்டினேன். அப்டேட் எதுவும் வரவில்லை, அணைத்தது நான், பயந்து பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும் சார்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"அன்னிக்குப் பக்கத்து சீட்ல எல்லாம் உக்காந்த உடனே கால் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. சிஸ்டம ஃபாஸ்ட் ஆக்கிட்டீங்கன்னு மேனேஜர் உங்களப் பாராட்டுனதும் கேட்டுச்சு. கண்ணுதான சார் இல்ல."

"என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். அன்று காலை மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "அதுக்கென்ன இப்ப? அடுத்த வாரம் அவங்கள கன்ஃபர்ம் பண்ணத்தான் போறோம்" என்றார். அந்தக் கடிதத்தை மாற்றச் சொன்னேன். "அது ஃபைல்ல போயாச்சு பாஸ், விடுங்க" என்றார். எழுத்திலும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்தப் பெண் நிரந்தரமாகிவிட்டார். அந்த வரி மட்டும் இன்னும் அவருடைய ஃபைலில் இருக்கிறது.

இப்போதும் திங்கட்கிழமைகளில் அவர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுகிறார். என் காலடிச் சத்தத்தை வைத்தே, "குட்மார்னிங் சார்" என்கிறார். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, இரண்டு வரிசை தள்ளி இருக்கும் ஒருவரைக் கூப்பிடுகிறார்.

"அக்கா, கொஞ்சம் வந்து ஸ்கிரீன்ல எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்களேன்."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.