சம்படம் நிறைய போன்கள்

"சைலன்ட்ல போடாதீங்க, வைப்ரேட்ல போடுங்க" என்று சொல்லிக்கொண்டே கலாவதி எவர்சில்வர் சம்படத்தை நீட்டுகிறாள். காலையில் அதில் ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடை முறுக்கு இருந்தது. இப்போது அடியில் ஒரு துண்டு விரித்திருக்கிறது. வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தன் போனை அதில் வைத்துவிட்டு அறைக்குள் போகிறார்கள். முப்பத்தோராவது போனும் விழுந்ததும் கதவு சாத்தப்படும். கலாவதி வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டு, சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டி என்று பெண்களுக்கான சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துகளில் பெயர், கல்லூரிக்குக் கல்லூரி கிளை, சேர்ந்தவர்கள் எல்லோரும் சாகும்வரை சகோதரிகள். சேரும் நாளில் மூடிய அறைக்குள் ஒரு சடங்கு நடக்கும். அங்கே நடப்பதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. ஒன்றில் சேர்ந்தவள் ஆயுளுக்கும் இன்னொன்றில் சேர முடியாது. இந்தக் காலத்தில் கல்யாணம்கூட இவ்வளவு கெட்டியில்லை.

கலாவதி பதினோரு வயதில் ஈரோட்டிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்தவள். தொண்ணூறுகளில் கல்லூரியில் ஒரு சங்கத்தில் சேர்ந்தாள். சடங்கு நாட்களில் கதவுக்குக் காவல் நின்றது அவள்தான். "ஒரு ஈயைக்கூட உள்ள விட்டதில்லீங்க" என்று என்னிடம் பலமுறை பெருமையடித்திருக்கிறாள். இப்போது அவள் ஆலோசகராக இருப்பதோ வேறொரு சங்கத்தின் கிளைக்கு.

சம்பளமில்லாத வேலை. வாரம் ஒரு முறை ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டிப் போவாள். யாருக்கு மார்க் குறைந்தது, யார் அறைத்தோழியோடு பேசுவதில்லை, பார்ட்டிக்குப் போகிறவர்களில் யார் குடிக்காமல் இருந்து மற்றவர்களைக் கூட்டிவரப் போகிறாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். "யாரு டிரைவ் பண்றது?" என்பதுதான் அவள் சொல்லும் ஹலோ. போய்ச் சேர்ந்ததும் 'ரீச்டு' என்று செய்தி வராவிட்டால் ஐந்தாவது நிமிடம் கலா ஆன்ட்டியின் அழைப்பு வரும். பெண்கள் சலித்துக்கொள்வார்கள், ஆனால் அனுப்பிவிடுவார்கள்.

அவளுக்கு வேறு வேலையில்லையா என்று எங்கள் தெருவில் கேட்கிறவர்கள் உண்டு. எனக்குக் காரணம் தெரியும். அது அவளுடைய ஒரே மகள் விஷாகா இருந்த கிளை.

விஷாகா அம்மாவின் சங்கம் வேண்டாமென்று இதில் சேர்ந்தாள். கலாவதிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சேரும் சடங்கு முடிந்த மதியம் மகளிடமிருந்து போன் வந்தது. கலாவதி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பெயரைப் பார்த்தாள், அடித்து ஓயட்டும் என்று விட்டாள். இரண்டு வாரத்தில் அம்மாவும் மகளும் ராசியாகிவிட்டார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த வருஷம், மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வரும் வழியில் விஷாகா ஃப்ரீவேயில் கார் விபத்தில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுவாரம், கிளைக்கு ஆலோசகர் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டுக் கலாவதி போய் நின்றாள். கணவர் வேலுமணி காருக்குப் பெட்ரோல் நிரப்பிக் கொடுத்தார். அதிலிருந்து அவள் கண்ணெதிரே எந்தப் போனும் அடித்து ஓய்ந்ததில்லை. மடியில் இருக்கும் முப்பத்தொன்றில் எது அதிர்ந்தாலும் எடுப்பாள். அந்தப் பெண்களின் அம்மாக்களுக்கெல்லாம் அவள் குரல் பழக்கம்.

சடங்கு அறைக்குள் மட்டும் அவளால் போக முடியாது. எந்தச் சங்கத்திலும் சேராத அம்மாவாக இருந்தால் கௌரவ உறுப்பினராக்கி உள்ளே அழைத்துக்கொள்ள வழி உண்டு. பெண்கள் தலைமையகத்துக்கு எழுதிப் பார்த்தார்கள். முன்பே ஒன்றில் உறுதிமொழி எடுத்தவரைச் சேர்க்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி, "கரெக்ட்தானுங்க. டோர்ல நான் நின்னிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

கிளைத் தலைவி அனன்யா, சங்க வழக்கப்படி விஷாகா தன் தங்கையாகத் தேர்ந்தெடுத்த இளைய உறுப்பினர். சடங்கில் என்ன கேட்பார்கள், விஷாகா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு நாள் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். கலாவதி அவள் வாயைப் பொத்தினாள். "வேண்டாம் கண்ணு. அவ கூப்பிட்டப்ப நான் எடுக்கல. இப்ப உங்கிட்டக் கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். மறைந்த சகோதரிகளின் பெயர்களை வருஷத்துக்கொரு முறை அறைக்குள் படிக்கும் நாள் அது. கடைசியாக உள்ளே போன அனன்யா கதவை முழுக்கச் சாத்தவில்லை. விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. தெரிந்தேதான் விட்டாள். பழைய காவல்காரி எழுந்து சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியைச் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

உள்ளே ஒரு பெண் நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தாள். இறந்த வருஷத்தின் வரிசைப்படி படிப்பார்கள், விஷாகா கடைசி. ஒவ்வொரு பெயருக்கும் கலாவதியின் தலை இன்னும் கொஞ்சம் கதவை நோக்கிச் சாய்ந்தது.

அப்போது சம்படம் அதிர்ந்தது. மேலே கிடந்த போனில் 'அம்மா' என்று வந்தது. விட்டுவிடு, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நான் கையைக் காட்டினேன். இரண்டாவது அதிர்வுக்குள் எடுத்துவிட்டாள்.

"கலா ஆன்ட்டி பேசறனுங்க. பொண்ணு உள்ளதான் இருக்கா, நல்லா இருக்கா. வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

அந்தப் பக்கத்து அம்மா மேலும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க" என்றாள் கலாவதி. தன் பேச்சு உள்ளே இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று, இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்தினாள்.