அக்காவின் பங்கு வெயில்

போன வருடம் கனடாவிலிருந்து அக்கா வந்திருந்தபோது, செங்கலடிச் சந்தையில் மீன்காரர் ஒருவர் அவளிடம், "தங்கச்சி, உங்கட அக்காக்கும் சேத்துப் போடவா?" என்று கேட்டார். அந்த அக்கா நான். உண்மையில் அவளைவிட நான்கு வயது இளையவள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியோடு சண்டை பிடித்தேன்.

இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு, கண்ணோரமெல்லாம் சுருக்கம். எல்லாம் வெயில் தந்தது. கிரான் பக்கத்து வயல்வட்டையில் அம்மா எங்கள் இருவருக்கும் சீதனமாக எழுதிய வயல் இருக்கிறது. அவள் வெளிநாடு போனதிலிருந்து பதினெட்டு வருடமாக அவளுடைய பாதியையும் நான்தான் பார்க்கிறேன். விதைப்பு, மருந்தடிப்பு, வெட்டு என்று தன்னாமுனை வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய் வரம்பில் நிற்பவள் நான்.

இந்த வருடமும் பங்குனியில் வருவதாக அவள் சொன்னதும், டவுனில் ஒரு தோல் டொக்டரிடம் போனேன். மகள் வயதுப் பெண்.

"ரெண்டு விதமான லேசர் இருக்கு அன்ரி. ஒண்டு மெதுவானது, மாசம் ஒருக்கா ஆறு தரம் வரவேணும். மற்றது கடுமை, ஒரே தரம்தான். ஆனா தோல் உரிஞ்சு ஆற ரெண்டு கிழமை வெளிய போகேலாது. வெயில் பட்டா இப்ப இருக்கிறதைவிடக் கறுத்திரும்."

மெதுவானதைச் செய்தால் ஆவணியில்தான் முகம் தெளியும். அக்காவும் மீன்காரரும் அதுவரை காத்திருக்கப் போவதில்லை. கடுமையானதைச் செய்யலாம் என்றால், அந்த இரண்டு கிழமைக்குள்தான் நெல் வெள்ளாமை வெட்டு. வெட்டு மெசின் வரும் நாளில் ஆள் நிற்காவிட்டால் அது அடுத்த வயலுக்குப் போய்விடும்.

கிளினிக் வாசலில் நின்றே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, இந்தமுறை முந்தி வந்து நீ வெட்டுக்கு நில்லு. நான் முகத்துக்கு லேசர் செய்யப் போறன்."

"ஐயோ, எனக்கு ஏலாது புள்ள. போன கிழமைதான் நானும் மூணாந்தரம் லேசர் செய்த. வெயில் படப்படாதாம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் முகத்தில் இருந்த வெயிலில் பாதி அவளுடையது. அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, உள்ளே போய், "கடுமையானதையே செய்யுங்க டொக்டர்" என்றேன். மெசின்காரருக்கும் லொறிக்காரருக்கும் அக்காவின் வட்ஸ்அப் நம்பரைக் கொடுத்தேன்.

லேசர் முடிந்து, முகமெல்லாம் களிம்போடு, திரைச்சீலையை இழுத்துவிட்டு அறைக்குள் இருந்தேன். அக்கா போன் மேல் போன் எடுத்தாள். "மெசின் பக்கத்து வயலுக்குப் போயிட்டாம்." "மழை இருட்டுதாம்." "லொறிக்காரன் போனைத் தூக்கிறானில்ல." எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். "நீயே கதைச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். நெல் நனைந்துவிடுமோ என்று பயந்தாலும், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஐந்தாம் நாள் ஒருவழியாக வெட்டு முடிந்தது. ஒரு மூலை நெல் நனைந்துபோனது. அன்று பின்னேரம் அக்கா வீடியோவில் வந்தாள். நெல்லைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. உரிந்து கிடந்த என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்தன வருசமும் நீ தனிய எப்படிப் புள்ள செய்த?" என்றாள்.

அந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண்ணீர் வந்தது. உரிந்த கன்னத்தில் பட்டதும் தீயாய் எரிந்தது. முகத்தைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், துடைக்காமல் வழிய விட்டேன்.