வைரஸின் வம்சாவளி

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, காலை ஏழேகால் மணி, விடாத தூறல். வேலையை விட்டுவிட்டு என் மருமகன் பெருங்களத்தூரில் தொடங்கிய நாய்ப் பண்ணைக்கு, பரிசோதனைக்கூடத்துப் பெண் ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான உருவம், நீல மழைக்கோட்டு, துடைத்துத் துடைத்து மங்கிப்போன மூக்குக்கண்ணாடி.

“ஏழு குட்டியில ஆறு போச்சும்மா” என்றேன்.

“எண்ணிக்கிட்டே இருக்காதீங்க மாமா” என்று மருமகன் எரிந்து விழுந்தார்.

அந்தப் பெண் கையுறைக் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் ஏழாவதைத் தொட்டார். ரத்தம் கலந்த மலத்தில் மாதிரி எடுத்தார்.

“பார்வோ வைரஸ் சார். டெஸ்ட் கிட்லயே காட்டுது.”

“பிழைக்குமா?” என்று கேட்டேன்.

“டிரிப்ஸ் ஏத்திப் பாக்கலாம். இந்த வைரஸுக்குன்னு மருந்து இல்ல.”

எனக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. மேடவாக்கத்தில் புதிதாக வாங்கிய ஆண் நாய்தான் கொண்டுவந்திருக்கும், விற்றவனை விடக்கூடாது என்று நினைத்தேன். அதனிடமும் மாதிரி எடுத்து, இரண்டு வைரஸின் மரபணுவையும் ஒப்பிடச் சொன்னேன்.

“வேணாம் சார், காசு வேஸ்ட்.”

“பரவாயில்ல, பாருங்க.”

ஆறாம் நாள் முடிவோடு வந்தார். “ரெண்டும் ஒரே வம்சாவளி சார். ஆனா தாம்பரம் தெருநாய்ங்ககிட்டயும் இதேதான் இருக்கு. யாரையும் கை காட்ட முடியாது.”

அன்று விடிகாலை ஏழாவதும் இறந்திருந்தது. துணியில் சுற்ற எனக்குக் கை வரவில்லை. அவரே குனிந்தார். தொடுவதற்கு முன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

ஆய்வுக்கு மொத்தம் ஐயாயிரத்து நானூறு ரூபாய்.