சிவப்பு விளக்கில் மறைந்த விரிசல்

வண்ணப் பொடியில் கலக்கக் கொதிக்கிற வஜ்ஜிரப் பசையின் நாற்றம் இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது...

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு பள்ளி. நான் சயின்ஸ் டீச்சர், மேரி டிராயிங் டீச்சர். ஆண்டுவிழா நாடகத்துக்காக வெள்ளைத் துணியில் ஒரு வீட்டுச் சுவரை வரைந்துகொண்டிருந்தோம். அண்ணன் தம்பி சண்டை முற்றும்போது அந்தச் சுவர் எல்லோர் கண்ணெதிரே விரிசல் விட வேண்டும். அதுவும் திரை விழாமல்!

வித்தை எளியதுதான். ரேங்க் கார்டில் ஃபெயில் மார்க்கைச் சிவப்பு மையில் எழுதுவோம் அல்லவா? சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் வழியே பார்த்தால் அது மறைந்துவிடும். பச்சைப் பேப்பர் வழியே பார்த்தால் கன்னங்கரேலென்று தெரியும். விரிசல்களைச் சிவப்பில் வரைந்துவிட்டால், சிவப்பு விளக்கில் முழுச் சுவர், பச்சை விளக்கில் உடைந்த சுவர்.

வகுப்பில் இதைக் காட்டியதும் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எங்கய்யாவுக்குச் சிவப்புக் கண்ணாடி வாங்கிக் குடுத்துரவா?"

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் சொதப்புனா இனி நாடகமே கெடையாது, பாத்துக்கோங்க."

ஆறு மணிக்கு நாடகம். அதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், இருட்டிவிடும் என்று நாங்களே குறித்த நேரம். சூரியன் போனது. வெளிச்சம் போகவில்லை! மலை சூரியனைத்தான் மறைத்தது, வானத்தை அல்ல.

திறந்தவெளி மேடை. திரைக்குப் பின்னால் சிவப்பு விளக்கைப் போட்டுப் பார்த்தோம்... வானத்து வெளிச்சத்தில் அத்தனை விரிசல்களும் பல்லைக் காட்டின.

"ஏட்டி, போச்சு! எல்லாம் அப்படியே தெரியுதே!" மேரி கையைப் பிசைந்தாள். நான் மேடைக்கும் படிக்கும் நடையாய் நடந்தேன். கீழே சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை "ஆரம்பிங்க" என்று கை காட்டினார்.

மைக் செட்டும் விளக்குகளும் வன்னியம்பட்டி சேகர் அண்ணனுடையவை. அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, செத்த நேரம்... இருட்டணும்ணே."

வானத்தைப் பார்த்தார். சட்டென்று மெயின் வயரைப் பிடுங்கினார்.

"நீங்க கை காட்டுத வரைக்கும் ஃபால்ட் எங்கன்னே எனக்குத் தெரியாது டீச்சர். போங்க."

அந்த அரை மணி நேரமும் ஊர் முன்னால் திட்டு வாங்கினார். "ஓட்டைச் செட்டக் கொண்டாந்து மானத்த வாங்குறீரே!" என்றார் தலைமையாசிரியை. "இந்தா ஆச்சும்மா... இந்தா..." என்று வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார் அண்ணன்.

வேப்பமரத்து இலைகள் தனித்தனியாகத் தெரியாமல் போனதும் கை காட்டினேன்.

சிவப்பு விளக்கு. கீறலில்லாத சுவர். தம்பி வேஷம் போட்டவள் கத்தினாள்: "குறுக்க செவரு வைங்க!"

பச்சை விளக்கு. உச்சி முதல் தரை வரை சுவர் கரிய கோடுகளாக வெடித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து பின்னால் ஓடினார்கள்.

"அடுத்த வருஷமும் போடுங்க" என்றார் தலைமையாசிரியை. "ஆனா அந்த ஓட்டைச் செட்டு மட்டும் வேண்டாம்."

நானும் மேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் நாடகம் போய்விடும் என்ற பயம்... சொல்லவில்லை.

சமீபத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேத்தியின் ஆண்டுவிழா. மேடை முழுக்க எல்.இ.டி. திரை. மாலை வெயிலிலேயே அரண்மனை, கடல், மழை... பட்டனைத் தட்டினால் மாறுகிறது. இருட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நடுவில் திரை அணைந்துவிட்டது. ஆளாளுக்கு அந்த ஆபரேட்டர் தம்பியைப் பார்த்துக் கத்தினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து அவனிடம் போய், "மெதுவா பாருப்பா, ஒன் மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் வேறு... வருஷமும் வேறு.