அப்பா கேட்ட என் குரல்

என் அப்பா சின்ன வயதிலிருந்தே ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். காது மந்தம். மில் இரைச்சல்தான் காதைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். ஆனால் மில்லுக்குள் அவருக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டில்தான் அவர் தனியாள். எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

கல்யாணமாகி நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கையில், "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறா" என்று டீச்சர் சொன்னார். மதுரைக்குக் கூட்டிப்போனோம். நடுக்காதில் இருக்கும் குட்டி எலும்புகள் பிறவியிலேயே ஒட்டிப்போயிருக்கின்றன, இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர்.

"குடும்பத்துல வேற யாருக்காவது காது கேக்காம இருக்கா?"

"எங்கப்பாவுக்கு. ஆனா அது மில் சத்தத்துல வந்தது."

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

அப்பாவுக்குக் காதின் பின்புற எலும்பில், சத்தத்தை எலும்பு வழியாகவே உள்ளே அனுப்பும் ஒரு சின்னக் கருவியை வைத்து, மைக்கை என்னிடம் தந்தார்கள். வழக்கம்போலக் கத்தப் போனேன். சாதாரணமாகப் பேசச் சொன்னார்கள்.

"அப்பா, காப்பி குடிச்சியளா?"

அப்பா என் வாயையே பார்த்தார். பிறகு, "ஏட்டி, இது ஒன் கொரலா?" என்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "ஒங்கம்மாவும் இப்படித்தான மெதுவாப் பேசியிருப்பா. நான் கேட்டது அம்புட்டும் அவ கத்துனதுதான்."

அம்மா அப்போது உயிரோடு இல்லை.

அவருக்கும் அது பிறவிக் கோளாறுதான். என்னைத் தாண்டிப் பேத்தியிடம் போயிருந்தது. இருதயம் பலவீனமாக இருந்ததால் அவருக்கு ஆபரேஷன் வேண்டாம், அந்தக் கருவியைப் போலத் தலையில் மாட்டும் காது மிஷினே போதும் என்றார் டாக்டர்.

"மொதல்ல பிள்ளைக்குப் பாரு. எனக்குப் பொறவு பாத்துக்கிடலாம்" என்று அப்பா தள்ளிப்போட்டார்.

அந்த மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். "அப்பா, நான் வந்துருக்கேன்" என்று கத்தினேன். "மத்தவங்களுக்குத் தொந்தரவும்மா, மெதுவாப் பேசுங்க" என்றார் நர்ஸ். மெதுவாகப் பேசினால் அவருக்கு எப்படிக் கேட்கும்? குனிந்து, காதின் பின்னால் அந்த எலும்பில் என் தாடையை அழுத்திக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் விரல்கள் என் கைக்குள் லேசாக அசைந்தன. கேட்டுத்தான் அசைத்தாரா, தானாக அசைந்ததா, தெரியவில்லை. அன்று மாலை போய்விட்டார்.

மகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று, மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"ஏம்மா கத்துற? எனக்குத்தான் கேக்குதே" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். ஊர் வரும்வரை அவள் மட்டும் பேசிக்கொண்டே வந்தாள்.