பேச்சைக் குறைத்த தொட்டிகள்

கருவிகளைப் பேசவிடாமல் செய்வதுதான் என் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில், கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அந்தப் பெட்டிகளின் பேட்டரியை அதிகம் தின்பது பேச்சுதான். அதுவும் போக, காற்றில் பேசுவதற்கு இருக்கும் இடம் கொஞ்சம். எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம் மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அதனால் பெட்டி தூங்க வேண்டும், தன் முறை வந்தால் விழிக்க வேண்டும், ஒரு வரி சொல்லிவிட்டு மறுபடி தூங்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குச் சம்பளம். வீட்டில் இந்தத் திறமைக்கு மதிப்பில்லை. "வீட்டுக்கு வந்தும் ஆபீஸ் வேலையே பாக்கிறியா, வாயைத் திறந்து ஏதாவது சொல்லு" என்பாள் மனைவி.

நாங்கள் இருப்பது அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். மூன்று பிளாக், மொட்டைமாடியில் மூன்று தொட்டி, கீழே மூன்று மோட்டார். மூன்றையும் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. அக்கா என்பது மரியாதைக்குத்தான், அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அவர் குடும்பம் ஒரு காலத்தில் இந்த ஏரிப் பாசன வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனது. அந்த வயல்களில்தான் இப்போது நாங்கள் கார் நிறுத்துகிறோம். பெருக்குவது, குப்பை எடுப்பது, மோட்டார் போடுவது எல்லாம் அவர்தான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்து ஒற்றை அறையில் மகளோடு இருந்தார். வேலை இருக்கும்வரை அந்த அறை.

ஒருநாள் காலையில் தொட்டி வழிந்து, சங்கச் செயலாளரின் சட்டை நனைந்தது. வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நேராக என்னிடம் வந்தார். "சார், நீங்க இந்த லைன்லதானே இருக்கீங்க? மோட்டார் தானா ஓடற மாதிரி ஒண்ணு பண்ண முடியாதா?" என்றார். குடிவந்த நாள் முதல் என் வேலையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தொட்டிக்கு ஒன்றாக மூன்று பெட்டிகள் செய்தேன். ஒவ்வொன்றும் கால் மணிக்கு ஒருமுறை விழித்து, தண்ணீர் எவ்வளவு என்று ஒரே ஒரு வரி சொல்லும். மோட்டார் ரூமில் உள்ள பெரிய பெட்டி அதைக் கேட்டு, தண்ணீர் குறைந்திருந்தால் மோட்டாரைப் போடும், நிறைந்தால் நிறுத்தும். தண்ணீர் குறைந்தது என்று செய்தி வராதவரை எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு எரியும். சிக்கனத்தில் நான் கொஞ்சம் எல்லை மீறித்தான் போயிருந்தேன். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பெட்டிகள் கேட்பதைக்கூட வெட்டிவிட்டேன், அதுவும் பேட்டரிச் செலவுதானே. யார் எப்போது பேசுவது என்பதற்கும் தனியாக ஏற்பாடு இல்லை. பேட்டரி போட்ட நொடியை வைத்து ஒவ்வொன்றும் தன் முறையைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். மூன்று பெட்டிக்கும் ஒரே நொடியில் பேட்டரி போடுகிற பைத்தியக்காரன் எவன் இருக்கப்போகிறான்?

செயலாளர் காலண்டரில் நல்ல நேரம் பார்த்தார். வெள்ளிக்கிழமை பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மூன்று மொட்டைமாடியிலும் மூன்று பேர் பேட்டரியோடு நின்றார்கள். ஒரு பிளாக் முந்தி இன்னொன்று பிந்தினால் வருத்தம் வருமே என்று, செயலாளர் கீழே நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்தினார். மூன்று பேரும் சரியாக ஒரே நொடியில் போட்டார்கள். நானும்தான் கைதட்டினேன்.

பச்சை எரிந்தது. எட்டு நாளும் பச்சை. தொட்டி வழியவில்லை, குழாய் வறளவில்லை. லிஃப்டில் வணக்கம் சொன்னார்கள். மூன்றாவது மாடியிலிருந்து கேசரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று செயலாளர் அறிவிப்பு ஒட்டினார். மோட்டார் தானாக ஓடுவதால் பெருக்குவதை ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் அறையைச் சங்க அலுவலகமாக்கலாம் என்று அதில் இருந்தது. படித்தபோது நெஞ்சில் ஏதோ நெருடியது. கேசரி அதை அமுக்கிவிட்டது.

சனிக்கிழமை மாலை, கூட்டத்தில் பெருமையடிக்க விவரம் சேர்க்கப் போனேன். மாடிக்குப் போய் பேட்டரிகளைச் சோதித்தேன். மூன்றும் புதுசு போலவே இருந்தன. துள்ளலாகக் கீழே வந்து பெரிய பெட்டியை லேப்டாப்பில் இணைத்து, வந்த செய்திகள் எத்தனை என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை. புரிந்துவிட்டது. ஒரே நொடியில் பிறந்த மூன்றும் ஒரே நொடியில் விழித்து, ஒரே நொடியில் கத்தி, ஒன்றின் குரலை ஒன்று கெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கின்றன, எட்டு நாளாக.

அப்படியென்றால் மோட்டாரைப் போட்டது யார் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார். "கொஞ்சம் தள்ளிக்கோ சார்" என்று என்னைத் தாண்டிக் கையை நீட்டிப் பழைய சுவிட்சைப் போட்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"பி பிளாக்ல தண்ணி எறங்கிப்போச்சு சார்."

"இது தானா போடலையா?"

"ஒரு நாளும் போடல சார். பச்சை மட்டும் சோக்கா எரிஞ்சிகினு கீது."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" கோபமாகவே கேட்டேன். தப்பு என்னுடையது என்றால் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். "நான் சொன்னா, வேல பூடும்னு மிஷின் மேல பழி போடறான்னு சொல்லுவாங்க. சும்மா உட்டா தண்ணி நின்னுபூடும், அதுக்கும் என்னியதான் கேப்பாங்க. அதான் மாடி ஏறிப் பாத்துப் பாத்து போட்டுகினு இருந்தேன்." பிறகு கேட்டார். "நாளிக்கு மீட்டிங்காமே சார். ஊட்ட எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டிகளுக்குத் தனித்தனி முறை கொடுப்பது அரை மணி நேர வேலை. அப்போதே சரிசெய்துவிட்டால் நாளை யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிறு கூட்டத்தில் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே எனக்குச் சால்வை போர்த்திவிட்டார்கள். சால்வையோடு எழுந்து நின்று சொன்னேன். "எட்டு நாளா என் பெட்டிங்க ஒரு வார்த்தைகூட அனுப்பலை. உங்களுக்குத் தண்ணி வந்தது அக்காவால."

"அப்ப அந்தப் பச்சை லைட்டு?" என்றார் செயலாளர்.

"அது சும்மா எரிஞ்சுது சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு ஒருவர் கேட்டார். "சரி பண்ணிடுவீங்கல்ல? பண்ணிட்டா ஆள் வேண்டாம்தானே?"

"சரி பண்ணிடுவேன். ஆனா மாடியில ஏறித் தண்ணியைக் கண்ணால பாக்க ஆள் வேணும். நான் எழுதினதை நம்பி நானே அந்த ஆளை அனுப்ப மாட்டேன்."

கொஞ்ச நேரம் சலசலத்தார்கள். அக்கா இருக்கட்டும், அறையும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. செயலாளர் என் தோளிலிருந்து சால்வையை எடுத்து மடித்து, அது வந்த கவரிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.

பெட்டிகளை நான் சரிசெய்து சோதித்து முடிக்கும்வரை மோட்டார் அக்கா கையில்தான். மறுநாள் விடிந்ததும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் குரல் வந்தது. "ஏ பிளாக் மோட்டார் போட்டேன் சார்." கொஞ்ச நேரத்தில், "ஏ பிளாக் நிறுத்திட்டேன் சார்." பிறகு பி. பிறகு சி. மாலையிலும் அதே. நாலைந்து நாளில் ஜனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். என்னைத்தான் தூது அனுப்பினார்கள், பேச்சைக் குறைக்கிறவன் நான்தானே.

"அக்கா, ஒவ்வொண்ணுக்கும் சொல்ல வேண்டாமே. ஏதாவது கோளாறுன்னா மட்டும் சொன்னாப் போதும்" என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டு நாளு சொல்லாமதான் சார் போட்டேன். நான் ஒருத்தி கீறேன்னே யாருக்கும் தோணலியே."